குச்சி ரைட்டர்

தாமோதரன் ரைட்டருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தாலும், அது எந்த ஊரில் பிறந்தது, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் விடமாட்டார். வாலாஜாப்பேட்டைக்காரர். தங்கவயலில் எங்கள் ஷாப்ட்டின் வாசலில் உட்கார்ந்து, சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் பேரை எழுதுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பங்காருபேட்டைப் பக்கம் சுற்றப் போனால், அவர் பக்கத்துக் குடியிருப்பான கோரமண்டலில் பாதிரியார் வீட்டுக்குப் போய், தலையணை கனத்துக்கு இருக்கும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார். வேலை வெட்டி இல்லாத மனிதர் என்று சிரித்தோம். சிரித்தவர்களில் முதல் ஆள் இந்தப் பெருமாள்தான். இன்றைக்கு நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவது அந்தக் கிறுக்கின் புண்ணியம்.

உள்ளே இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். துரைமார் அதை டேலி என்பார்கள். மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வில்லை குறைந்தால் ஒருவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? எங்கள் கூட்டத்து வில்லைகளை எல்லப்பன் மேஸ்திரி ஒரே கயிற்றில் கோத்து மொத்தமாகக் கொடுத்துவிடுவார். வரிசையில் நிற்கிற தொல்லை கிடையாது. ஷிப்ட் முடியும்போதே வில்லையை அவர் கையில் திணித்துவிட்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், முதல் கேஜிலேயே ஏறி வீட்டுக்கு ஓடுவது நான் கண்டுபிடித்த வித்தை.

அகராதியில் டேலியைத் தேடிப் பார்த்துவிட்டு வந்த திங்கட்கிழமை ரைட்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மணியடிக்கிற பர்னபாஸைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கும் பித்தளைக்கும் சம்பந்தமே இல்ல பர்னபாஸ். லத்தீன்ல வெட்டுன குச்சின்னு அர்த்தம். துணி வெட்டற டெய்லரும் அதே வேர்லேருந்து வந்தவன்தான்."

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஆடுகளை எண்ணிக் குச்சியில் குறுக்கே வெட்டுப் போடுவார்களாம். பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து, மேய்ப்பனுக்குப் பாதி, சொந்தக்காரனுக்குப் பாதி. சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். அதனால்தான் எண்ணிக்கைக்கும் டேலி என்று பேர், இரண்டு ஒத்துப்போவதற்கும் அதே பேர். கடைசியில் அது எங்கள் வில்லைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

"நாம கடைசி அர்த்தத்தப் புடிச்சிக்கினு மொதல் அர்த்தத்த வுட்டுட்டோம். அவன் பாதி அவன் கையிலதான் இருக்கணும். இன்னொருத்தன் குடுத்தா அது டேலியே இல்ல" என்றார் ரைட்டர்.

அந்த மழைக்காலத்தில் புது ஆட்கள் நிறையச் சேர்ந்ததில் வில்லைகளுக்குப் பஞ்சம் வந்தது. புது வில்லைகள் கப்பலில் வந்து சேரும்வரை எதையாவது வைத்துச் சமாளிக்கச் சொன்னார் கேப்டன். ஷாப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் துரையை அப்படித்தான் கூப்பிடுவோம். ரைட்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மூங்கில் குச்சிகளில் ஆளுக்கொரு விதமாக வெட்டுப் போட்டு, இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வாசல் பலகையில் தொங்கவிட்டார். மறுபாதி எங்கள் கையில். மேலே வந்ததும் அவரவர் கையால் பொருத்திக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வரிசை அனுமார் வாலாக நீண்டது. குச்சி ரைட்டர் என்று அவருக்குப் பேர் வைத்தது நான்தான்.

"இன்னா ரைட்டரே, எங்கள ஆடுன்னு நெனச்சிக்கினீங்களா? இத்த ஒரு நாள் அடுப்புல வெச்சிட்டு நேரா வூட்டுக்குப் போயிடறேன், பாருங்க" என்றேன்.

"போயேன். ஆனா உன் பாதி இங்க தொங்கிச்சுன்னா நான் வூட்டுக்குப் போவமாட்டேன்."

மூன்றாம் நாள் உள்ளே வேலையில் இருக்கும்போதே எனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பாறையில் துளை போட்டு வெடிமருந்து கெட்டித்து முடித்திருந்தோம். சற்றுக் கண்ணை மூடலாம் என்று பக்கத்துப் பொந்தில் சாய்ந்தவன் நினைவு தப்பிப் போனேன். நான் வழக்கம்போல முதல் கேஜில் ஓடிவிட்டதாக நினைத்து மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். எல்லாரும் வெளியேறியதும் பர்னபாஸ் மணியடிப்பார். கீழே காத்திருக்கும் வெடிக்காரர்கள் திரியில் நெருப்பு வைத்துவிட்டுக் கடைசிக் கேஜில் மேலே வருவார்கள். தினமும் நடப்பது அதுதான்.

மேலே நடந்ததைப் பர்னபாஸ் பிறகு எனக்குச் சொன்னார். வெடிக்காரர்களுடையது போகப் பலகையில் ஒரு பாதி தொங்கியது.

"என் ஆளுங்கோ எல்லாரும் வந்தாச்சு. பெருமாளு சொன்ன மாதிரியே குச்சிய அடுப்புல வெச்சிட்டு வூட்டுல கீறான்" என்றார் மேஸ்திரி.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்து, மணியடி என்றார். ரைட்டர் மணிக்கயிற்றுக்குக் குறுக்கே போய் நின்றார். துரையை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. நீயே போய்த் தேடு, ஆள் இல்லாவிட்டால் நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்றார்.

ரைட்டர் அதுவரை கேஜில் கால் வைத்ததில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிற மனிதர், ஐந்து பிள்ளைக்காரர். ஒரு குச்சியில் வெட்டுப் போட்டுப் பிளந்து, ஒரு பாதியைப் பலகையில் மாட்டிவிட்டு, மறுபாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

எனக்குத் தெரிந்தது கன்னத்தில் விழுந்த அறைதான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் முகம்.

"பெருமாளு, எழுந்திரு. உன் பாதி எங்க?"

அவரும் ஒரு வெடிக்காரருமாக என்னைத் தூக்கிக் கேஜில் ஏற்றினார்கள். மேலே வந்ததும், என் அரைஞாணில் செருகியிருந்த குச்சியை எடுத்து என் விரல்களுக்குள் வைத்தார். அவரே பொருத்தியிருக்கலாம். செய்யவில்லை. தொங்கிய பாதியோடு நான் என் கையால் பொருத்தும்வரை என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்டுகள் பொருந்தின. எல்லப்பன் மேஸ்திரி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இப்போது அடி என்றார். பர்னபாஸ் அசையவில்லை.

"இன்னும் ஒன்னு தொங்குதுங்க தொரே."

அது ரைட்டருடையது. அவர் சட்டைப்பையைத் தடவி, அசட்டுச் சிரிப்போடு எடுத்துப் பொருத்தினார். அதுவரை அங்கே ஒருவரும் வீட்டுக்கு நகரவில்லை. பிறகுதான் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் மண் அதிர்ந்தது. நான் படுத்திருந்த பொந்து இனிமேல் இல்லை என்று தெரிந்தது.

ஒரு மாதத்தில் வில்லைகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றை யாரும் கயிற்றில் கோக்கவில்லை. அப்போது என் பெண்டாட்டி மங்கம்மா வயிற்றிலிருந்த பிள்ளைக்குத் தாமோதரன் என்று பேர் வைத்தோம். ரைட்டர் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பேர் எந்த வேரில் பிறந்தது என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

போன வருஷம் அவர் ஊருக்கே போய்விட்டார். மாரிகுப்பத்தில் ரயில் ஏற்றும்போது, "இது நீங்க குடுத்த உசுருங்க" என்று கும்பிட்டேன். "நான் இன்னா பண்ணேன், அகராதியில போட்டிருந்திச்சு" என்றார்.

முதல் கேஜில் ஓடிய பெருமாள் இப்போது கடைசியாகத்தான் வீட்டுக்குப் போகிறான். ஒவ்வொரு வில்லையும் வந்து பலகை நிறையும்வரை பக்கத்தில் நிற்பேன். சோறு ஆறிப்போகிறது என்று மங்கம்மா தினமும் திட்டுகிறாள். ஆறட்டும்.