உட்கார்ந்தால் அமுங்காத ரிமோட்

கட்டிலுக்கு மோட்டார் வைப்பது சுலபம். அந்த மோட்டாரை மனிதன் கையில் கொடுப்பதுதான் கஷ்டம். திண்டுக்கல்லில் நோயாளிகளுக்கான மின்சாரக் கட்டில் செய்யும் பட்டறை ஒன்றில், கட்டிலை ஏற்றி இறக்கும் ரிமோட்டைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

யோசனையைக் கொடுத்துவிட்டுப் பெயரைப் பறிகொடுத்த தோழர்களே, முதலில் எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று: நூற்பாலையில் ஓடும் பெல்ட்டுக்குக் கம்பி மறைப்பு கேட்டது நான், மாலை விழுந்தது மேலாளர் கழுத்தில். இரண்டு: அதைத் துண்டறிக்கையாக அச்சடித்துக் கொடுத்தேன், கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். மூன்று: தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கேட்டு வாங்கினேன்; கல்வெட்டில் முதலாளியின் மச்சான் பெயர். நான்கு: அந்தத் திறப்பு விழாவுக்கு நாற்காலி தூக்கிப் போட்டதும் நான்தான். ஐந்தாவது, எங்கள் பட்டறையில் வயரிங் செய்யும் சபூராவுக்கு நடக்கப் பார்த்தது. உட்கார்ந்தாலும் அமுங்காத ரிமோட்டை யோசித்தவர் அவர்தான்.

அண்டா

பழைய ரிமோட்டில் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும், கட்டில் கடைசி வரை போய்த்தான் நிற்கும். சாணார்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி, இடுப்பு ஆபரேஷன் ஆனவர், ரிமோட்டைப் படுக்கையில் மறந்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டில் நிதானமாக இறங்கி, அடியில் வைத்திருந்த சில்வர் அண்டாவை அப்பளமாக்கிவிட்டது.

நான் போனபோது அவர் சம்சாரம் அண்டாவைத் தெருவுக்கே காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். செத்த நேரம் முன்னால்தான் அதற்குள் கை விட்டு அரிசி அள்ளியதாக அந்த அம்மா சொன்னதும் சிரிப்பு நின்றது. பெரியவர் மட்டும் அசரவில்லை. "கட்டிலு நல்லாத்தான் இருக்கு அப்பு. யாரு சொல்லி இறங்குச்சுன்னுதான் தெரியல."

ஏழு லீவர்

எங்கள் முதலாளி அருள் பூட்டுக்காரக் குடும்பம். எந்தச் சிக்கலுக்கும் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். ரிமோட்டிலும் ஒரு பூட்டை வைத்தார், அதுவும் லேசில் திறக்காத ஏழு லீவர் பூட்டு. தாடிக்கொம்பில் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை வீட்டுக்கு முதல் கட்டில் போனது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்துப் பத்திரமாகப் பூட்டிய மருமகள், சாவிக்கொத்தோடு பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார். சனிக்கிழமைக் கூட்டம் வேறு.

பட்டறையில் கிடந்த இன்னொரு பூட்டின் சாவியோடு நான் ஓடினேன். சேரவில்லை. நம் ஊர்ப் பூட்டுக்கு அடுத்த சாவி சேராது என்பதில் அருளுக்கு அப்படியொரு பெருமை. படுக்க முடியாமல் கொலுப் பொம்மை போல் உட்கார்ந்திருந்த டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் முதுகைத் திருட எவன் வரப்போறான்னு இம்புட்டுப் பெரிய பூட்டு?"

துணி கிளிப்

பூட்டு வேண்டாம் என்றானதும் சபூரா கொடியில் கிடந்த துணி கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால்தான் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ரிமோட்டும் அப்படி இருக்கட்டும் என்றார். முன்னால் ஒரு பொத்தான். பின்னால், விரல் மட்டும் நுழையும் பள்ளத்துக்குள் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வரைதான் கட்டில் நகரும். கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும்.

முதல் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது. மூட்டு வீங்கிய தன் அம்மாவின் விரலால் கிள்ள முடியவில்லை என்று சபூரா அதை மூன்று தடவை மாற்றினார். பிறகு உட்கார்ந்து பார்க்கும் சோதனை. பட்டறையில் எல்லோரும் வரிசையாக வந்து ரிமோட் மேல் உட்கார்ந்தோம். சாய்ந்தோம், புரண்டோம். கடைசியாக வந்தவர் எங்கள் லோடு வண்டி டிரைவர் மாயாண்டி. அவர் ஏறினால் வண்டியே ஒரு பக்கம் சாயும். கட்டில் அசையவில்லை. கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "நானும் செத்த நேரமா உக்காந்திருக்கேன். ஒண்ணும் வரல. ஒரு டீயாச்சும் வருமா?"

பெயர்க் கட்டம்

வடிவமைப்பைப் பதிவு செய்ய விண்ணப்பம் வந்தது. 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் அருள் தன் மகன் பெயரை எழுதியிருந்தார். எனக்குப் பழைய ரத்தம் கொதித்தது. அன்று மத்தியானமே துண்டறிக்கை எழுதி முடித்து, அருள் மேஜை முன் நின்று வாசித்தேன். கம்ப்யூட்டரில் வரைந்தது மகன்தானே என்றார் அருள். வரைந்தவர் வேறு, யோசித்தவர் வேறு என்றேன். கிளிப் இன்னும் அவர் மேஜையில்தான் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். பிறகு மகன் பெயரை அடித்துவிட்டு, சபூராவுக்கு என்ன இனிஷியல் என்று கேட்டார். என் துண்டறிக்கையில் இன்னும் வாசிக்காத எட்டுப் பத்திகள் மீதமிருந்தன.

நாளைக்கு நான் அந்தப் பெயரை அழித்துவிட்டேன் என்று நோட்டீஸ் போடுவீர்கள், எல்லோரையும் சாட்சி வைத்து நீங்களே வாசியுங்கள் என்று விண்ணப்பத் தாளை அருள் என்னிடம் கொடுத்தார். மெஷின்களை நிறுத்தினோம். மாயாண்டி முதல் சாட்சி, பெயின்ட் அடிக்கும் ஸ்டெல்லா இரண்டாவது. வாசித்தேன். சபூரா கண்ணைத் துடைப்பார் என்று நினைத்தால், காதில் போனை வைத்துக்கொண்டு கை காட்டினார். "இன்னொரு தடவ வாசிங்கண்ணே, அம்மாவுக்குச் சரியாக் கேக்கலையாம்."

ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் செய்யாமல் ஜெயித்துவிட்டோமே என்ற வருத்தம் இருந்தாலும், சாட்சிகள் இருவரும் கேட்க, போனில் அந்த அம்மாவும் கேட்க, இரண்டாம் முறை கோஷம் போடும் குரலிலேயே வாசித்தேன்: "வடிவமைத்தவர், மு. சபூரா பீவி."