பதினைந்து லிட்டர் வெந்நீர்

பக்கவாதத்தில் என் கணவருக்கு இடது பக்கம் விழுந்த பிறகு, எங்கள் வீட்டில் வெந்நீர் வைப்பதே பெரிய வேலையாகிவிட்டது. அவர் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். ஆயுசு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்த மனிதர். இப்போது பச்சைத் தண்ணீர் பட்டால் அந்தக் கையும் காலும் விறைத்து மடங்கிக்கொள்கின்றன. சூடான தண்ணீரில் குளிப்பாட்டி, அதன் பிறகு பயிற்சி கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். சொல்வது சுலபம்.

நாங்கள் இருப்பது தோட்டத்து வரிசை வீடு. உள்சாலை குண்டும் குழியுமாகிப் போனதிலிருந்து கேஸ் லாரி வருவதில்லை. சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது, கேஸ் சிலிண்டரை மோட்டார் சைக்கிளில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நான்தான் கொண்டுவர வேண்டும். அது சமையலுக்கே இழுபறி. அதனால் குளிக்கும் தண்ணீரைக் கரண்டுக் கெட்டிலில் சுட வைத்தேன். நான்கு கெட்டில் சேர்ந்தால் ஒரு வாளிக்கு ஆகும். ஒவ்வொன்றும் கொதிக்கும்வரை அடுப்படியில் நிற்பேன். பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்ற கால்கள், வீட்டுக்கு வந்தும் நின்றன.

ஒரு சாயங்காலம் வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, முதல் குவளையை அவர் இடது தொடையில் ஊற்றினேன். எதிர்வீட்டு நாய் குட்டி போட்ட கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவே இல்லை. தோல் சிவந்துகொண்டு வந்ததை நான்தான் பார்த்தேன்.

“என்னங்க, சுடலையா?”

“எது?” என்றார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், கெட்டில் இனி வேண்டாமென்று.

லோபாக்கில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் சொன்னபோது, “அண்ணி, எங்க வீட்டு மாதிரி கூரை மேல சோலார் போட்டுருங்க லா. பைப்ப தெறந்தா சூடு தண்ணி, கரண்டே வேணாம்” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எங்கள் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. பூனை ஓடினாலே வீடு அதிரும். அதன்மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றினால் தொட்டி எங்கள் மடியில்தான் வந்து உட்காரும்.

பாரோயிலிருந்து ஒரு வயர்மேனை வரவழைத்தேன். நரைத்த மீசை, நிதானமான ஆள். மெயின் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அக்கா, எல்லாரும் வாங்குற ஹீட்டர் இருக்குல்ல, தண்ணி வர வர சுட வைக்கிறது, அதை இந்த வயர் தாங்காது. தண்ணிய சேர்த்து வச்சு சுட வைக்கிற சின்ன டேங்க் போடலாம். மெதுவாத்தான் சுடும், ஆனா கம்மியாத்தான் இழுக்கும். பதினஞ்சு லிட்டர்.”

“ரெண்டு பேருக்குப் பத்துமா?”

“பச்சத்தண்ணி கலந்தா அண்ணனுக்குப் பத்தும். உங்களுக்குப் பத்தாது.”

“எனக்கு வேணாம்.”

தொடைக் காயத்தைப் பற்றிச் சொன்னேன். சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நிறுத்திவைக்கும் குழாய் ஒன்று இருப்பதாகவும் அதையும் சேர்த்தே மாட்டித் தருவதாகவும் சொன்னார். “ஆனா முதல்ல எர்த் போடணும். இந்த வீட்டுல எர்த்தே இல்ல. தண்ணியில கரண்டு வந்துச்சுன்னா நீங்களும் நானும் கையை இழுத்துக்குவோம். அண்ணனால இழுத்துக்க முடியாது.”

உள்ளே படுத்திருந்த என் கணவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. வயர்மேன் போனதும் குழறலாகச் சொன்னார்: “ஒடைக்கப் போற வீட்டுக்கு எர்த் ஒண்ணுதான் கொறச்சல்.”

அதுவும் உண்மைதான். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். சுவரில் துளை போட ஆபீசில் அனுமதி வேண்டும். அங்கே கணக்கெழுதும் கிராணி என் கணவரோடு பழகியவர், நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார். “அந்த வரிசைய ஒடைக்கப் போறாங்கம்மா. எப்பன்னு எனக்கே தெரியாது. இப்பப் போயி ஹீட்டர் போடுறேங்கிறீங்களே.”

“அதுவரைக்கும் அவரு குளிக்க வேணாமா?” என்றேன். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போடத் தெம்பில்லை.

கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மலாய் மொழியில் எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை போய் விசாரித்தேன். மானேஜர் லீவு, மானேஜர் மீட்டிங் என்று ஆகி, கடைசியில் கையெழுத்து வந்தது, காலி செய்யும்போது துளையை அடைத்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதுவரை கெட்டிலேதான். ஒவ்வொரு குவளையையும் என் முழங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகே அவர்மேல் ஊற்றினேன்.

வயர்மேன் வந்து, பின்பக்கச் சாக்கடை ஓரமாக எர்த்துக்கான செம்புக் கம்பியை அடித்து இறக்கினார். டேங்கைச் செங்கல் சுவரில் மாட்டினார். அவர் கிளம்பியதும் சுவிட்சைப் போட்டேன், சோறு வடித்தேன், தண்ணீர் சூடாகிவிட்டது. கணவரைக் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ரப்பர் குழாயை அவருடைய வலது கையில் கொடுத்தேன். தண்ணீரைத் தோளில் விட்டுப் பார்த்தார்.

“சூடு பத்தல.”

“அதுக்கு மேல வராதுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “கதவச் சாத்திட்டு நீ வெளிய போ” என்றார். படுத்ததிலிருந்து அவர் தனியாகக் குளித்ததே இல்லை. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வெளியே நின்றேன். “என்னங்க?” என்று இரண்டு முறை கேட்டேன். “ம்” என்றார். சோப்பு வழுக்கி விழுந்ததற்கு அதைத் திட்டுவது கேட்டது. கையில் செய்ய ஒரு வேலையும் இல்லை. அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கண் விழித்தபோது தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். நனைந்த உடம்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார். துண்டு அவருக்கு எட்டாத ஆணியில் தொங்கியது. இடது கை விறைத்து மார்போடு ஒட்டியிருந்தது.

“எவ்வளவு நேரமா கூப்புடுறீங்க?”

“கூப்புடல. கொறட்ட கேட்டுச்சு. தூங்கட்டும்னு விட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. துவட்டிக்கொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.

மறுநாள் அவர் வலது கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொரு ஆணி அடித்தேன், ஆபீசைக் கேட்காமல். வரிசையை இன்னும் உடைக்கவில்லை. சில நாள் அவர் தனியாகக் குளிக்கிறார், முடியாத நாளில் நான் ஊற்றுகிறேன். நான் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன்.