குழு வருமுன் அடித்த கால்கள்

புஷ்கரனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். படகுத்துறைகளைக் கவனிக்கும் இலாகாவின் இயக்குநர், சட்டசபைக்குத் தான் கொடுத்த அறிக்கை பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

அவர் என் அக்கா அம்பிகாவின் கணவர். குட்டநாட்டில் எங்கள் தீவில் கள் இறக்குபவர். மரத்தின் உச்சியிலிருந்தபடியே கீழே போகிறவர்களை வம்புக்கிழுப்பார். அக்கா போன பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

ஆனி மாதம், காலைப் படகுக்குக் கூட்டம் நின்றபோது படகுத்துறை உடைந்தது. மற்றவர்களை இழுத்துப் போட்டோம். அக்கா கான்கிரீட் பலகைக்கு அடியில் இருந்தாள். அந்த மழைக்காலத்துக்குச் சற்று முன்புதான் இயக்குநர் சபைக்கு எழுதியிருந்தார்: எல்லாப் படகுத்துறைகளையும் நேரில் சோதித்தோம், எல்லாம் உறுதியாக உள்ளன. எங்கள் தீவுக்கு ஒருவரும் வந்ததில்லை.

அரசு சபையில் சொன்னது உண்மைதானா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவுக்கு எங்கள் எம்.எல்.ஏ. இதைக் கொண்டுபோனார். கேட்கும்போதெல்லாம் இலாகாவிலிருந்து ஒரே பதில்: தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது. தேர்தல் நெருங்கியது. சபை கலைந்தால் இந்தக் கேள்வியும் அதோடு செத்துப்போகும். புஷ்கரன் தொழிலை விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு அலைந்தார். கடைசியில் குழுவே நேரில் வருவதாகச் சொன்னது.

டீக்கடை குஞ்ஞுமோள்தான் ஆரம்பித்தாள்.

"குழுத் தலைவரம்மாவுக்கு முட்டிவலியாம். சேத்துல இறங்கியா வரணும்? நம்ம ஊரு மானம் போயிடும்."

"உடைஞ்சது உடைஞ்சபடி கெடக்கட்டும் சேச்சி. அவங்க அதைப் பார்க்கத்தானே வர்றாங்க?" என்றார் புஷ்கரன்.

"நல்லாருக்கு! அந்தம்மாவும் விழணுமா? ஒருத்தி போனது பத்தாதா உனக்கு?"

புஷ்கரன் தண்ணீரில் இறங்கித் தற்காலிகத் துறைக்குத் தென்னங்கால்களை அடித்தார். மற்றவர்கள் பலகை பரப்பினார்கள். யாரோ குருத்தோலைத் தோரணம் கட்டினார்கள்.

குழு அதன்மேல் நடந்து வந்தது. அவர்களோடு வந்த இயக்குநர் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "பாருங்க மேடம், படகுத்துறை இருக்கு. நல்லாவே இருக்கு."

"சார், இது நாங்க முந்தாநாள் அடிச்சது. உங்களோடது அதோ, தண்ணிக்குள்ள கெடக்கு" என்றார் புஷ்கரன்.

"அப்போ ஊர்க்காரங்க ஒத்துழைப்போட சரி செஞ்சாச்சுன்னு எழுதிடலாம்."

கூட வந்த ஒருவர் சிரித்தார். புஷ்கரன் தலைவரம்மாவின் முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பினார். "சார் சபைக்குச் சொன்னது பொய்னு மட்டும் எழுதுங்கம்மா. உங்க கால்ல விழறேன்."

"எழுந்திரு மோனே. உன் சங்கடம் புரியுது. ஆனா கண்ணு முன்னாடி நிக்கிறதை இல்லைன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"கரிமீன் பொரிச்சு வெச்சிருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள் குஞ்ஞுமோள்.

குறை சரிசெய்யப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று குழு எழுதியது. அதே வாரம் சபை கலைந்தது.

செய்தி வந்த அன்று புஷ்கரன் கால்களைப் பிடுங்க ஆரம்பித்தார். மார்பளவு தண்ணீர், விடாத மழை.

"அளியா, மேல வாங்க. அவங்கல்லாம் போயாச்சு" என்று கத்தினேன்.

"போகட்டும்டா. அடுத்த தடவை வர்றவனுக்காவது உடைஞ்சது தெரியணும்ல?"

கால்கள் ஆழத்தில் இறுகியிருந்தன. அவரே அடித்தவை. பாதிதான் வந்தன. நாலைந்து நாள் அதே வேலையாக இருந்தார். பிறகு அந்தத் தண்ணீரால் எலிக்காய்ச்சல். மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகும்போது படகில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிச்சத்தையும் எடுத்துடு" என்றார். நான் சரியென்றேன். அவர் திரும்பி வரவில்லை.

புதிய சபையில் எங்கள் எம்.எல்.ஏ. மறுபடி கேட்டார். எல்லாப் படகுத்துறைகளும் நல்ல நிலையில் உள்ளன என்று பதில் வந்திருக்கிறது. கையெழுத்தும் அதே இயக்குநருடையது.

மிச்சக் கால்களை எடுத்துவிட்டேன். குஞ்ஞுமோள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்று படகேறுகிறாள். புதிதாகக் கால் அடிக்கலாம் என்று இப்போது அவள் சொல்வதில்லை.