அப்பாவுக்குக் கொடுத்த வல்லாரை

அப்பாவுக்கு மறதி வந்த காலத்தில்தான் இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைப்பும் வந்தது. எந்தெந்தத் தேயிலைத் தோட்டத்தில் எப்போது வேலை செய்தார் என்பதை அவரே அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவரோ காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போனதைப் பகலில் மறந்துவிடுவார்.

மாத்தளையில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் அம்மா யோசனை கேட்டார்.

"வல்லாரய இடிச்சுச் சாறெடுத்து, மொளகும் தேனும் போட்டு வெறும் வயித்துல குடுங்க தங்கச்சி. மறந்ததெல்லாம் தேடி வரும்."

வல்லாரை, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியோரத்தில் நிறையக் கிடந்தது. அப்பா முகத்தைச் சுளித்தார்.

"ஆடு திங்கிறத எனக்குக் குடுக்கிறியா?"

"ஆடு விசாரணைக்குப் போகாதுல்ல. குடிங்க."

மாலையில் நான் தோட்டங்களை வரிசையாகச் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான்தான். நாளாக ஆக அப்பா தடுமாறாமல் சொன்னார். வல்லாரை மீது எங்களுக்குப் பக்தியே வந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியவருக்குப் பிரஜாவுரிமை கிடையாது. அப்பா ஒருமுறை தங்கியிருந்தார். மனுவை நிரப்பிக் கொடுத்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதை எழுதவில்லை. அப்பாவும் அதை எப்போதோ மறந்துவிட்டிருந்தார். நாங்களும் நினைவூட்டவில்லை.

விசாரணையில் எல்லாத் தோட்டங்களையும் பிசகாமல் சொன்னார். பேனாவை மூடப்போன அதிகாரி, "இடையில இந்தியாவுக்குப் போனீங்களா?" என்று கேட்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "போனேங்க! தங்கச்சி கல்யாணத்துக்கு. திரும்பி வரக் காசில்லாம ஒன்றர வருசம் அங்கயே கெடந்தேன். எங்க கெணத்தடியில ரெண்டு புளியமரம்..."

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.  

பஸ்ஸில் அப்பா என் தொடையைத் தட்டினார். "ஒண்ணு விடாம சொல்லிட்டேன் பாத்தியாடா? ஒங்கம்மா குடுத்த பச்சச் சாறு வேல செஞ்சிருச்சு."

மனு தள்ளுபடியான செய்தி வந்த அன்று அம்மா பீலியோரத்து வல்லாரையைக் கைகொண்ட மட்டும் பிடுங்கி எறிந்தார். ஈரமான இடம். அடுத்த மழைக்கே பழையபடி படர்ந்துவிட்டது.

சாறு நின்றதும் அப்பாவுக்கு விசாரணைக்குப் போனதே மறந்துபோயிற்று. சாகும்வரை, சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் கேட்பார்.

"நம்மள எப்பக் கூப்பிடுவாங்களாம்?"

"கூப்பிடுவாங்க, சாப்பிடுங்க" என்பார் அம்மா.