ஏவாமல் செய்த வேலை

உபதேசியார் வேலை என்றால், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசிவிட்டு, அதற்குச் சனிக்கிழமை வரை பதில் சொல்லிக்கொண்டிருப்பது. இதில் மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திண்டிவனத்திலும், பிறகு விக்கிரவாண்டிப் பக்கத்துச் சேரியிலும் நான் பட்டதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பட்டதோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவாட்டுக் குழம்பு

திண்டிவனத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்த ஒரு ஜைன நயினார் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் முட்டையைக்கூடத் தொடாதவர்கள். எனக்கோ கருவாடு இல்லாவிட்டால் சோறு இறங்காது. கிறிஸ்தவனுக்கு எந்த உணவும் தீட்டில்லை என்று வேத ஆதாரத்தோடு விளக்கி, என் மனைவி எஸ்தரைக் குழம்பு வைக்கச் சொன்னேன். வேதத்தில் அவள் என்னைவிடக் கெட்டி.

ஒரு வாரத்தில் கருவாட்டுச் சட்டி பரணுக்குப் போய்விட்டது. நயினார் வீட்டு மருமகள் மசக்கையாம்; எங்கள் வீட்டு வாடை அடித்தால் வாந்தியெடுத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்துவிடுகிறாளாம். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நமக்கு உரிமை இருக்கிறதே என்று வாதாடினேன். எஸ்தர் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: "உரிமை எங்கியும் ஓடிப்போயிடாதுங்க. அந்தப் பொண்ணு நல்லபடியா பெத்து எழுந்திரிக்கட்டும், அப்பறம் ஆக்கிக்கலாம்."

திங்கட்கிழமை

பிறகு விக்கிரவாண்டிப் பக்கம் மாற்றினார்கள். அங்கே யாக்கோபு என்று ஒருவர். ஊரில் யார் செத்தாலும் உறவுக்காரர்களின் ஊர்களுக்கு நடந்துபோய்ச் சாவுச் சேதி சொல்வது அவர் குடும்பத்தின் தலையில் தலைமுறையாகக் கட்டிய வேலை. கூலி பேச முடியாது, மறுக்கவும் முடியாது. சாவு வீட்டாராகப் பார்த்து அள்ளிப்போடும் நெல்தான். ஞானஸ்நானம் பெற்ற அன்றே இனி அதைச் செய்யமாட்டேன் என்று யாக்கோபு சொல்லிவிட்டார். ஊர்ப் பெரிய நிலக்காரரான மணியக்காரர், அப்படியானால் உன் வீட்டில் ஒருவருக்கும் வயல் வேலை கிடையாது என்றார். அதுமுதல் யாக்கோபு விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்கினார். அவர் பணிந்துபோனால் அவர் பிள்ளைகளுக்கும் அதே வேலைதான் என்பது சேரிக்கே தெரியும்.

அவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து நம்மை விடுதலையாக்கினார், இனி நம்மை யாரும் ஏவ முடியாது என்று தொண்டை கட்டும்வரை பேசினேன். மறுநாள் ஜெபவீட்டுக் கூரைக்கு ஓலை மாற்ற ஆள் கூப்பிட்டால் ஈ காக்கை வரவில்லை. யாக்கோபு வீட்டுக்கே போனேன். ரயிலடி வேலை முடிந்து படுத்திருந்தவர் எழுந்திருக்காமலே சொன்னார்: "யாரும் ஏவ முடியாதுன்னு நேத்துத்தான சொன்னீங்க. ஜல்தியா மறந்துட்டீங்களே உபதேசியாரே."

பாதிதான் வாசித்தேன்

எனக்குக் கோபமான கோபம். வேதத்தை எடுத்துப் பார்த்தால் தப்பு என்மேல்தான். விடுதலை என்ற இடத்தோடு நான் புத்தகத்தை மூடியிருந்தேன். அன்பினால் ஒருவருக்கொருவர் உழைக்கத்தான் அந்த விடுதலை என்பது அதற்கு அடுத்தாற்போல இருந்தது. அடுத்த ஞாயிறு, மழைக்கு ஒழுகிய கூரைக்கடியில் நின்று அதையும் வாசித்தேன். மறுநாள் சேரியே திரண்டு வந்தது. கூரைமேல் உட்கார்ந்து ஓலை கட்டிக்கொண்டே யாக்கோபு சொன்னார்: "இத்தப் போன வாரமே படிச்சிருந்தா, நேத்து நனையாம ஜெபம் பண்ணியிருக்கலாம்."

மணியக்காரர் வீட்டுச் சாவு

மழைக்காலத்தில் மணியக்காரரின் தாயார் காலமானார். மணியக்காரரின் தங்கை வளவனூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் வந்தால்தான் தாய் முகத்தைப் பார்க்க முடியும். மணியக்காரரின் ஆள் சேரி முனையில் நின்று, "யாக்கோபு, வளவனூருக்கு ஓடுடா" என்று கத்தினான். யாக்கோபு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். போ என்று நான் சொன்னால் பழைய கயிறு மறுபடி அவர் கழுத்தில். போகாதே என்றால் அந்தத் தங்கை பாவம்.

கொஞ்ச நேரத்தில் யாக்கோபு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் சைக்கிளைக் கேட்டார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆகவே மிதித்தது நான், பின்னால் உட்கார்ந்தது அவர். ஊர்த்தெரு வழியாகவே விடச் சொல்லி, மணியக்காரர் வாசலில் இறங்கினார். முன்பெல்லாம் 'ஆண்டே' என்று கூப்பிட்ட வாய், அன்று 'ஐயா' என்றது: "நீங்க ஏவினதுக்கு வரலீங்க ஐயா. பெத்தவ மொகத்தப் பாக்காம அந்தம்மா தவிக்கக் கூடாது. அதுக்காவ நானாப் போறேன்."

தங்கை நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். அவள் தாய்மேல் விழுந்து அழுததைத் தூர நின்று பார்த்து நானும் அழுதேன். காரியமெல்லாம் முடிந்ததும் மணியக்காரரே சேரி முனைக்கு வந்தார். பின்னால் ஆள் தலையில் நெல். யாக்கோபு வீட்டு அடுப்பில் அன்று கேப்பைக் கூழ்தான், அதுவும் தண்ணியாக. வாங்கிக்கொள்ள மாட்டாரா என்று என் மனமே ஏங்கியது. யாக்கோபு கையைக் கட்டாமல் நின்று சொன்னார்: "இத்த வாங்கினா அது வேலையாயிடும், நாளைக்கி எம்மவனும் ஓடணும். எடுத்துக்கினு போங்க ஐயா. அறுப்புக்குக் கூப்புடுங்க, அதுக்குக் கூலி வாங்கிக்கிறேன்."

அறுப்புக்குக் கூப்பிட்டார்கள், சாவுச் சேதிக்கு மட்டும் அதன்பிறகு சேரியில் ஒருவரையும் ஏவாமல், 'மனசிருந்தா' என்று சைக்கிள் வைத்திருக்கும் உபதேசியாரைத்தான் கேட்கிறார்கள், நானும் வாசித்த வசனத்துக்குப் பயந்து மிதித்துக்கொண்டிருக்கிறேன்.