ஒரு தலை குறைந்த அட்டை

“எதையும் அழிக்காதீங்க ஆன்டி, கண்ணை மூடினா போதும்.” இதை எனக்கு முதலில் சொன்னவள் கூட வேலை பார்க்கும் நஸ்ரீன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் ஸ்டூடியோவில் நான் சேர்ந்த மூன்றாம் நாள் அது, செவ்வாய்க்கிழமை. காலையில் அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்ததால் கிழமை மறக்கவில்லை.

கல்யாண ஆல்பத்துக்கு அட்டை செய்வது என் வேலை. உள்ளே எத்தனை பக்கம் இருந்தாலும் சண்டை வருவது அட்டைக்குத்தான். அதில் தன் முகம் இல்லையே என்று கோபித்துக்கொண்டவர்களும், அப்படிக் கோபித்துக்கொண்ட மாமாவைச் சமாதானம் செய்து அலுத்தவர்களும் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பெரியப்பா காணாமல் போனார்

நான் படித்தது ஒன்பதாவது வரைக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தேன். போட்டோஷாப்பில் ஒவ்வொரு படமும் ஒரு தனித் தாள் மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் போட்டிருக்கும். கண்ணைத் தட்டினால் அந்தப் படம் மறையும், மறுபடி தட்டினால் வரும். நஸ்ரீன் சொன்ன கண் அதுதான்.

அது தெரியாமல் அன்றைக்கு ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கொஞ்சம் நகர்த்தப் போய், அழித்தே விட்டேன். “யேசுவே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நஸ்ரீன் என் மகளைவிடச் சின்னவள். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி, இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினாள். பெரியப்பா அதே சிரிப்போடு வந்து உட்கார்ந்தார். செய்ததைத் திரும்ப எடுக்க இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று நான் அதிசயப்பட்டேன். அவள் சொன்னாள்: “எங்கம்மாவும் இதைத்தான் கேக்குறாங்க ஆன்டி, பிரியாணிக்கு உப்பு போட்ட பிறகு.”

அவர் பின்பக்கம்

முன் அட்டை, முதுகு, பின் அட்டை மூன்றையும் ஒரே நீளத் தாளில்தான் செய்வோம். மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு அம்மா தங்கள் அறுபதாம் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்திருந்தார்கள். கணவனும் மனைவியும் மாலையோடு உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து, அவர்களைத் தாளின் நட்டநடுவில் வைத்தேன். கம்ப்யூட்டரில் பார்க்கக் கண் நிறைந்திருந்தது. பைண்டிங் ஆகி வந்தபோதுதான் தெரிந்தது, மடிப்பு சரியாக இரண்டு பேருக்கும் நடுவில். அந்த அம்மா முன் அட்டையில், அவர் பின் அட்டையில்.

அறுபதாம் கல்யாணத்தில் போய் இப்படிப் பிரித்து வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே அதை எடுத்துக் கொடுத்தேன். ஆல்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த அந்த அம்மா, நான் மன்னிப்புக் கேட்பதற்குள் சிரித்துவிட்டார்கள். வேறு அட்டை போட்டுத் தருகிறேன் என்றதற்கு, போட்டுக் கொடு, ஆனால் இதையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். “இதுதான்மா நிஜம். முப்பத்தஞ்சு வருஷமா வீட்டுல நான் முன்பக்கம், அவர் பின்பக்கம், பேப்பரோட.”

ஆறும் ஐந்தும்

போன தை மாதத்துக் கல்யாணம் ஒன்று. பெண் கவிதா, எங்கள் ஸ்டூடியோவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் அம்மா செல்விக்கு மாநகராட்சியில் தெரு பெருக்கும் வேலை. கணவர் இறந்த பிறகு ஒரே ஆளாக நின்று மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். மாப்பிள்ளையின் அம்மா சரோஜா, சந்தாபுராக்காரர். அட்டை பார்க்க மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள்.

தாலி கட்டுகிற படத்தை அட்டை முழுக்க விரித்து, அதன்மேல் இடது ஓரம் மாப்பிள்ளை வீட்டு முகங்களையும், வலது ஓரம் பெண் வீட்டு முகங்களையும் வட்ட வட்டமாக வைத்திருந்தேன். சரோஜாம்மா சொன்னபடி அவருடைய வட்டம் மட்டும் கொஞ்சம் பெரியது. அவர் விரலைத் திரையில் வைத்து எண்ணினார். “நாங்க ஆறு. நீங்க அஞ்சு. நாளைக்கு யாரும் பேசக்கூடாது, சமமா இருக்கணும். யார் குறையுது?”

“அம்மா” என்றாள் கவிதா. 

கேமராக்காரர் கொடுத்த படங்கள் எதிலும் செல்வி இல்லை. தாலி கட்டும்போது தான் மேடையில் நின்றால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து, அன்றைக்கு முழுக்கப் பந்தியிலேயே இருந்துவிட்டாராம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாங்க, இங்கேயே ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம் என்றாள் நஸ்ரீன். செல்வி தலையை ஆட்டினார். “இன்னிக்கு எடுத்துட்டு அன்னிக்கு நின்ன மாதிரி வைக்கிறது பொய்தானே பாப்பா. விடுங்க. யாரும் பசியோட போகலை, எனக்கு அது போதும்.”

மற்ற இரண்டு பேரும் படியிறங்கின பிறகு கவிதா மட்டும் திரும்பி வந்தாள். சத்தமில்லாமல் சொன்னாள்: “ஆன்டி, அம்மா இல்லாத அட்டையைத் தூக்கிட்டு நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்.”

அந்தோனியாரிடம் சொன்னேன்

சனிக்கிழமை அவர்கள் வந்து பார்த்துச் சரி என்றால் அட்டை அச்சுக்குப் போக வேண்டும். நடுவில் இரண்டு நாள். ஒரு முகத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து வெட்டி எடுக்கும்போது, பேர் தெரியாவிட்டாலும் அந்த முகத்துக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வது என் வழக்கம். செல்விக்குச் சொல்ல ஒரு முகமே கிடைக்கவில்லை. அட்டையில் விரித்திருந்த தாலிப் படத்தைத் தவிர மற்ற எல்லாப் படத்தையும் திரும்பப் பார்த்தேன். ஒன்றில் கவிதா அடையாளம் சொன்ன பச்சைப் புடவையின் முந்தானை, ஒன்றில் பாயச வாளி பிடித்த கை. அவ்வளவுதான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோனியார், அவரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், வட்டங்களை நெருக்கி வைத்தால் அட்டை நன்றாக இருக்குமா என்று பார்ப்பதற்காக, சரோஜாம்மாவின் கண்ணை ஒரு நிமிஷம் மூடினேன். அவர் முகம் இருந்த இடத்தில், பின்னால் பந்தி அறைக் கதவு தெரிந்தது. கதவில் பச்சைப் புடவை. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையால் மேடையைப் பார்த்து அட்சதை போடுகிறார். கட்டைவிரல் நகம் அளவு முகம். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத முகம், ஆனால் செல்விதான். அந்த மூலை குப்பையாக இருக்கிறது என்று அதன்மேல் வட்டத்தைக் கொண்டுபோய் வைத்தவள் நானேதான்.

பெரிதாக்கினால் முகம் கலைந்து போனது. இருக்கிற இடத்தில் இருக்கிறபடி விட்டால்தான் அது செல்வி. அதற்கு மாப்பிள்ளையின் அம்மா போக வேண்டும். ஓரத்தில் வேறு வட்டத்துக்கு இடமும் இல்லை. நாளைக்கு இதை அவரிடம் யார் சொல்வது என்று நஸ்ரீனைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: “நீங்க சொல்லுங்க ஆன்டி, நான் அந்த நேரத்துக்கு டீ குடிக்கப் போறேன்.”

சரோஜாம்மாவின் விரல்

சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். செல்வி வேலை முடிந்து நேராக, வேலைக்குப் போடும் கோட்டோடு. நான் முதலில் பழைய அட்டையைக் காட்டினேன். பிறகு, கண்ணை மூடுகிறேன் பாருங்கள் என்று சொல்லித் தட்டினேன். கதவு தெரிந்தது.

கவிதா “அம்மா” என்றவள் மாமியாரைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். செல்வி கிட்டே குனிந்து பார்த்தார். “ஐயோ, கரண்டியைக் கீழே வச்சிருக்கலாம்” என்றார். சரோஜாம்மா திரையில் விரலை வைத்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். இடது ஓரம் ஐந்தில் முடிந்தது. வலது ஓரம் ஐந்து. பிறகு விரல் மெதுவாகக் கதவுக்குப் போய், ஆறு என்று நின்றது.

“இப்போ எங்க பக்கம் ஒண்ணு குறையுது” என்றார். “அங்க இருந்தது நான்தானே?”

ஆமாம் என்றேன். வேறு வழி பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஒண்ணும் பார்க்காதே. என் கண்ணு மூடினபடியே இருக்கட்டும். நான் உள்ளே பக்கத்துக்குப் பக்கம் இருக்கேன், பார்த்துப் பார்த்து என் பையனுக்கே அலுத்துடும்.”

செல்வி பதறிப்போய், வேண்டாம், அப்படியானால் அந்தக் கரண்டியையாவது எடுத்துவிட முடியுமா என்று என்னிடம் கேட்டார். சரோஜாம்மாதான் பதில் சொன்னார்: “கரண்டி இருக்கட்டும் சம்பந்தி. அன்னிக்குப் பாயசம் நான் ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன்.”

அதற்குள் நஸ்ரீன் டீயோடு வந்துவிட்டாள். எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்தே வாங்கியிருந்தாள்.

அட்டையில் யாரை எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது, சம்பந்தியம்மாவுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கேமராக்காரர் கிளம்புவதற்கு முன்னால், பந்திப் பக்கம் போய் ஒருமுறை குரல் கொடுத்துவிடுங்கள், அது போதும்.