பெடலு என்றுதான் சொல்வாள்

ராஜபாளையத்தில் எங்களோடு இருக்கும் என் அண்ணன் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். போன வாரம் பள்ளிக்குக் கிளம்பிய என் மகள் அவரிடம், "பெரியப்பா, சைக்கிள் பெடலு ஆடுது" என்றிருக்கிறாள். நான் அப்போது மில்லில் இருந்தேன்.

"பெடலு இல்ல தாயி, பெடல். லத்தீன்ல இருந்து வந்த வார்த்தை. எங்க, திருத்திச் சொல்லு!"

சொல்லியிருக்கிறாள். "சபாஷ்" என்று அனுப்பிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் அது கழன்று, பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தாள். டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

சாயங்காலம் அண்ணன், "பெடல் எப்படிடா கழண்டுச்சு?" என்றார்.

"பெடலுண்ணே! எம்மக அப்படித்தான் சொல்லுவா. ஆடுதுன்னா மொதல்ல குனிஞ்சு பாருங்க!"

இப்போது தினமும் நானே ஆட்டிப் பார்த்துத்தான் அவளை அனுப்புகிறேன். "பெடலு சரியா இருக்கு" என்று அண்ணன் காதில் விழும்படியே சொல்கிறேன்.